மூக்கக்காவும் மேட்டு வரிசைகளும்

அந்த வட்டாரத்தில் மூக்கக்கா என்று கேட்டால்தான் வழி சொல்வார்கள். சொந்தப் பெயரைச் சொன்னால் தபால்காரர்கூட ஒரு நிமிடம் தலையைச் சொறிவார். மூக்கும் முழியுமாக இருக்கிறாள் என்று வைத்த பெயர் இல்லை அது. அந்த மூக்கு பார்த்த வேலைக்காக வந்த பெயர்.

அவளும் அவள் அண்ணனும் ஒரு திராட்சைத் தோட்டத்தையும் அதன் ஓரத்திலிருந்த ஒயின் கிடங்கையும் நடத்திவந்தார்கள். கொடிகள் அண்ணன் பொறுப்பு, பீப்பாய்கள் தங்கை பொறுப்பு. யாரும் உட்கார்ந்து பேசி முடிவு செய்ததல்ல. அண்ணனுக்கு டிராக்டர் சத்தம் இல்லாமல் இருப்புக் கொள்ளாது, தங்கைக்குச் சத்தமே ஆகாது. அவ்வளவுதான். கிடங்கு தரைக்கு அடியில் இருந்தது. கல்படிகளில் இறங்கினால் கோடையானாலும் குளிரானாலும் ஒரே ஈரக் குளிர்ச்சி. அரைகுறை வெளிச்சத்தில் பீப்பாய்கள் வரிசையாகப் படுத்துக் கிடக்கும், வயிறு முட்டக் குடித்துவிட்டு மந்தை மந்தையாக உறங்கும் மாடுகள்போல. மூக்கக்கா ஒவ்வொன்றின் அடைப்பையும் கழற்றிக் குனிவாள். கண்ணை மூடுவாள்.

"இது இன்னும் தூங்குது," என்பாள். அடுத்ததற்குப் போய், "இது முழிச்சுக்கிச்சு." இன்னொன்றில் நின்று முகம் சுளித்து, "இதுக்கு ஜலதோஷம். காத்து வேணும்."

அவள் சொன்னபடிதான் எந்தப் பீப்பாயோடு எதைக் கலப்பது என்று முடிவாகும். கலந்த ஒயினை வாயருகே கொண்டுபோனவர்கள் குடிக்க மறந்து முகர்ந்துகொண்டே நிற்பார்கள். பழுத்த பிளம்ஸ், ஈர மரப்பட்டை, எங்கோ மூடிவைத்த ரோஜா என்று ஆளுக்கொன்று சொல்வார்கள்.

அவள் கணவர் நகரப் பேருந்து ஓட்டுநர். அவரைக் கேட்டால் வேறு கதை சொல்வார். "பஸ்ல எந்த சீட்டுல யாரு ஆரஞ்சு உரிச்சாங்கன்னு என் சட்டையைப் பார்த்தே சொல்லிடுவா. ஒளிஞ்சு ஒரு சிகரெட் பிடிக்க முடியுதா? நான் பிடிக்கணும்னு நினைச்சாலே இவளுக்கு மூக்குல வேர்த்துடும்."

அந்த மூக்கைத்தான் ஒரு காய்ச்சல் கொண்டுபோனது.

பெரிய காய்ச்சல் என்றும் சொல்வதற்கில்லை. மழைக்காலம் முடியும் தறுவாயில் வந்தது, வாட்டி எடுத்தது, போய்விட்டது. எழுந்து நடமாடத் தொடங்கிய ஒரு காலையில் பாலை அடுப்பில் வைத்துவிட்டு ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள். வெளியே பனிமூட்டத்தில் கொடிகள் தெரியாமல், அவற்றைத் தாங்கும் கம்பங்கள் மட்டும் மிதந்துகொண்டிருந்தன. பக்கத்து வாசலிலிருந்து அண்ணி புடவைத் தலைப்பால் மூக்கைப் பொத்திக்கொண்டு ஓடிவந்தாள்.

"என்னம்மா இது, பால் கருகி ரெண்டு வீடும் நாறுது! நீ பக்கத்துலயே சிலையாட்டம் உட்கார்ந்திருக்க!"

மூக்கக்கா திரும்பினாள். பாத்திரம் கறுத்துப் புகைந்துகொண்டிருந்தது.

"நாறுதா அண்ணி?"

அண்ணி கேலி பேசுவதில் கெட்டிக்காரி. ஏதோ சொல்ல வாயெடுத்தவள், நாத்தனாரின் முகத்தைப் பார்த்ததும் அப்படியே நிறுத்திக்கொண்டாள். அடுப்பை அணைத்துவிட்டு அருகில் வந்து உட்கார்ந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். மருத்துவரும் பிறகு அதிகம் பேசவில்லை. வரலாம், வராமலும் போகலாம், காத்திருந்து பார்ப்போம் என்றார்.

மணம் இல்லாத வீடு என்பது சுவர் இல்லாத வீடுபோல இருந்தது. எந்த அறையில் இருக்கிறோம் என்று கண்ணைத் திறந்து பார்த்தால்தான் தெரிந்தது. துணி துணியாக இல்லை, காபி சுடுதண்ணீராக இருந்தது, கணவரின் சட்டை யாரோ ஒருவரின் சட்டையாக இருந்தது. கிடங்கில் இறங்கிப் பீப்பாயின் மேல் குனிந்தால், ஆள் இல்லாத வீட்டில் கதவைத் தட்டியதுபோல ஒன்றுமே பதில் சொல்லவில்லை. இரண்டு முறை இறங்கினாள். மூன்றாம் முறை படிக்கட்டின் பாதியிலேயே திரும்பிவிட்டாள்.

ஆனால் கனவில் எல்லாம் மணத்தது. மதியம் கருவிக் கொட்டகையில் சாக்குகளின் மேல் சாய்ந்து கண்ணயர்ந்தால் போதும், மழை விழுந்த தூசியும் பிழிந்த சக்கையும் அம்மாவின் கைச் சோப்பும் ஒன்றன்பின் ஒன்றாக வாசலில் வந்து நின்று பேர் சொல்லிக் கூப்பிடும். விழித்த பிறகும் அசையாமல் கிடப்பாள். அசைந்தால் போய்விடுமோ என்று பயம். போய்த்தான் விடும்.

அந்த நாட்களில் ஒரு சாப்பாட்டு வேளையில், அவளே கலந்து, அவளே பெருமைப்பட்ட ஒயினைக் கணவர் ஊற்றிக் கொடுத்தார். வேண்டாம் என்று சொல்ல மனம் வராமல் ஒரு மடக்கு குடித்தாள். மணம் இல்லாமல், வெறும் வாயில், அது என்ன செய்கிறது என்று முதல் முறையாகக் கவனித்தாள். முதலில் சூடு. தொண்டை வரைக்கும் சாராயச் சூடு. அதன் பின்னால் பழக்கூழ்போல ஒரு கனம். புளிப்பு இருக்க வேண்டிய இடத்தில் புளிப்புத் தூளைக் கரைத்துச் சேர்த்தது தனியாகத் தெரிந்தது, சட்டையில் வேறு நிறப் பொத்தான் தைத்ததுபோல. துவர்ப்பு ஈறில் சொரசொரவென்று ஒட்டிக்கொண்டு நின்றது. ஒன்றோடு ஒன்று பேச்சு வார்த்தை இல்லாத நாலு பேர் ஒரே அறையில் இருப்பதுபோல இருந்தது.

மறுநாள் அண்ணனிடம் சொன்னாள். "அண்ணா, நம்ம ஒயின் வாசனையில மட்டும்தான் நல்லா இருக்கு. வாய்க்குள்ள போனா சமன் இல்ல."

டிராக்டருக்கு அடியில் படுத்திருந்த அண்ணன் வெளியே தலையை நீட்டினார். "மூக்கு போனதும் நாக்கு நீண்டுடுச்சா? இத்தனை வருஷமா நீதானே கலந்த?"

"நான்தான். வாசனையே என்னைக் கட்டிப்போட்டிருக்கு. புளிப்பு குறைஞ்சா தூள் போடறோம், அதை மறைக்க நல்ல வாசனைப் பீப்பாயா பார்த்துச் சேர்க்கறோம். பழமே அப்படித்தான் வருதோ என்னமோ."

பழத்தைச் சொன்னதும் அண்ணனுக்குச் சுருக்கென்றது. பழம் அவர் பொறுப்பு. "கீழ வேலை இல்லன்னா மேல வந்து மூக்கை நுழைக்காத," என்று சொல்லிவிட்டு மறுபடி டிராக்டருக்கு அடியில் போய்விட்டார். சொன்ன பிறகுதான் எந்த வார்த்தையைச் சொன்னோம் என்று உறைத்திருக்க வேண்டும். அன்று முழுக்க அவர் வெளியே வரவில்லை என்று அண்ணி பிறகு சொன்னாள்.

கிடங்கிற்கும் போகப் பிடிக்கவில்லை, வீட்டிலும் இருக்கப் பிடிக்கவில்லை என்றுதான் மூக்கக்கா கொடிகளுக்கிடையே நடக்க ஆரம்பித்தாள். அந்த வருடம் அறுவடை நெருங்கிக்கொண்டிருந்தது. காலை வெயில் இலைகளினூடே பச்சையாக வடிந்து அவள் கைகளில் விழுந்தது. வரிசைகளுக்கு நடுவே களைக்கொல்லி அடித்து மண் வழுக்கையாகக் கிடந்தது. செருப்பைக் கழற்றி வைத்துப் பார்த்தாள். காலை நேரத்திலேயே உள்ளங்கால் சுட்டது. பழத்தைப் பறித்து மென்றாள். சர்க்கரைப் பாகு. விதையைக் கடித்தால் பச்சையாக, கசப்பாக இருந்தது. இனிப்பு முன்னால் ஓடிவிட்டது, விதையும் தோலும் பின்னால் மூச்சு வாங்கி வருகின்றன, புளிப்பு பாதி வழியிலேயே விழுந்துவிட்டது.

தோட்டத்தின் கோடியில், பழைய பம்பு அறையை ஒட்டி டிராக்டர் திரும்ப முடியாத ஒரு மூலை இருந்தது. அங்கே யாரும் மருந்தும் அடிப்பதில்லை, உழுவதுமில்லை. புல்லும் காட்டுப் பயறும் முழங்கால் உயரம் வளர்ந்து சாய்ந்து பாய் விரித்ததுபோலக் கிடந்தன. அதில் கால் வைத்ததும் குளிர்ந்தது. அங்கிருந்த சில கொடிகளில் பழம் சிறியது, தோல் இறுகியது. ஒன்றை வாயில் போட்டாள். இனிப்பு வந்தது, கூடவே புளிப்பு வந்தது, இரண்டும் தோளில் கை போட்டுக்கொண்டு வந்தன. விதை பழுப்பு நிறத்தில், வறுத்த பருப்புபோல மொறுமொறுவென்று உடைந்தது.

அவள் அங்கேயே புல்லில் உட்கார்ந்துவிட்டாள். எவ்வளவு நேரம் என்று அவளுக்கே தெரியாது. ஒரு சிலந்தி அவள் முழங்கைக்கும் ஒரு கொடிக்கும் இடையில் நூல் கட்டி முடித்திருந்தது என்று மட்டும் பிற்பாடு சொல்வாள்.

அன்று மாலை மறுபடி அண்ணனிடம் போனாள். கூடவே ஒரு பிடி பழம். "இதைத் தின்னு பாரு" என்று மட்டும் சொன்னாள். அவர் தின்றார். இன்னொன்றும் தின்றார்.

"பம்பு ரூம் மூலையா?"

"ஆமா. அந்த மாதிரி கொஞ்சம் இடம் எனக்குக் கொடு. என் இஷ்டத்துக்கு விட்டுப் பார்க்கறேன்."

முன்பு சொன்ன வார்த்தை அவருக்கு உள்ளே குத்திக்கொண்டே இருந்திருக்க வேண்டும். "மேட்டுப் பக்க வரிசைகளை எடுத்துக்க," என்றார். "ஆனா புல்லுல பாம்பு வந்தா என்னைக் கூப்பிடாத."

அறுவடை முடிந்து முதல் மழை விழுந்ததும், மேட்டு வரிசைகளுக்கு நடுவே பயறும் தீவனப் புல்லும் கலந்து விதைத்தாள். பிழிந்து போட்ட திராட்சைச் சக்கையை வீணாக்காமல் இலை தழையோடு மக்கவைத்துக் கொடிகளின் அடியில் போட்டாள். களைக்கொல்லிக் குப்பி அந்தப் பக்கம் எட்டிப் பார்க்கக் கூடாது என்று கட்டளை. வசந்தம் வந்தபோது மேடு பச்சைக் கடலாகிவிட்டது. காற்று அடித்தால் அலை. நடுவில் கொடிகள் இடுப்பளவு தண்ணீரில் நிற்பவைபோல நின்றன. அண்ணி வேலியோரம் நின்று, "ஏம்மா, திராட்சை வளர்க்கறியா, இல்ல நம்ம எல்லாரையும் ஒளிச்சுவைக்க இடம் பண்றியா?" என்றாள்.

ஆனால் அந்த வசந்தத்தில் மழை ஏமாற்றியது. இருந்த ஈரத்தைப் புல் குடித்துவிட்டது. கொடிகள் குட்டையாக நின்றுபோயின. போதாக்குறைக்கு இலைகளில் சாம்பல் நோய் வேறு, யாரோ மாவைத் தூவிவிட்டுப் போனதுபோல. எந்த மருந்தும் வேண்டாம் என்று பிடிவாதமாக இருந்தவள் கடைசியில் கந்தகத் தூளை எடுத்துக்கொண்டு ஓடினாள். பாதிக்குத்தான் பலன் இருந்தது. அறுவடைக் கூடைகள் மேட்டிலிருந்து வெறுமையாகத் திரும்பின. அண்ணன் திட்டியிருந்தால்கூடத் தேவலை. அவர் காலிக் கூடைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி வைத்துவிட்டுப் போனார்.

மூக்கக்கா, கணவர் ஓட்டும் பேருந்தில், ஓட்டுநர் இருக்கைக்குப் பின்னால் உட்கார்ந்து, நகரத்தை ஒரு முழுச் சுற்று சுற்றினாள். எங்கேயும் இறங்கவில்லை. கண்ணாடி வழியாகக் கட்டடங்கள் வழிந்து போய்க்கொண்டிருந்தன. கடைசி நிறுத்தத்தில் எல்லோரும் இறங்கிய பிறகு அவர் இன்ஜினை அணைத்துவிட்டுத் திரும்பிப் பார்த்தார்.

"விட்டுடலாமா?"

"புல்லு மேல தப்பு இல்லீங்க," என்றாள் அவள், வேறு யாரிடமோ பேசுவதுபோல. "எல்லா வரிசையிலும் ஒரேயடியா தூவி, தண்ணிக்குப் புல்லையும் கொடியையும் நான்தான் சண்டைக்கு விட்டுட்டேன். ஒரு வரிசை விட்டு ஒரு வரிசை போட்டிருக்கணும். வெயில் ஏறுறதுக்கு முன்னாடி புல்லைச் சாய்ச்சு விட்டிருக்கணும்."

"அப்ப விடப்போறதில்ல." அவர் சிரித்துக்கொண்டே மறுபடி இன்ஜினைக் கிளப்பினார். "வா, திரும்பிப் போகலாம். இந்தத் தடவை டிக்கெட் வாங்கணும்."

அடுத்த வருடங்களை அவள் கணக்கு வைத்துக்கொள்ளவில்லை. பருவங்கள் மேட்டின் மேல் மேக நிழல்போல ஒன்றன்பின் ஒன்றாக நகர்ந்தன. விதைத்தாள், வளரவிட்டாள், புல் பூவெடுத்ததும் உருளையை இழுத்து அதைச் சாய்த்து, மண்ணுக்கு மூடாக்காகப் படுக்கவைத்தாள். குளிர்காலத்தில் கொடிகள் இலையுதிர்த்து மொட்டையாக நிற்கும்போது, பக்கத்து மலையடிவாரத்து ஆட்டுக்காரர் தன் மந்தையோடு வந்தார். அதிகம் பேசாத மனிதர்.

"கொடியைக் கடிக்குமா?" என்று கேட்டாள்.

"இப்ப கடிக்கிறதுக்கு என்ன இருக்கு? குச்சிதானே," என்றார். "துளிர் விடறப்ப சொல்லுங்க, கூட்டிட்டுப் போயிடறேன்."

ஆடுகள் புல்லை மேய்ந்தன, எருவைப் போட்டன, பனிக்குள் மறைந்து மறுபடி வேறொரு வரிசையில் முளைத்தன. மூக்கக்கா கிளை நறுக்கும் கவாத்துக் கத்தரியோடு அவற்றின் நடுவே வேலை செய்தாள். மணம் இல்லாத உலகத்தில் வேறு கதவுகள் மெல்லத் திறந்தன. மண்ணைக் கையில் அள்ளிப் பிசைந்தால் முன்பு மாவாக உதிர்ந்தது, இப்போது கேக் துண்டுபோலப் பொலபொலவென்று பிரிந்தது. மழைக்குப் பிறகு தரையில் காது வைத்துப் படுத்தால், தண்ணீர் உள்ளே இறங்கும் சின்னச் சின்ன சத்தம் கேட்டது. அண்ணன் பக்கத்தில் அதே மழை ஓடையாக ஓடி, மண்ணையும் கூட்டிக்கொண்டு போனது. அவர் அதைப் பார்த்தார். பார்த்ததை அவள் பார்த்தாள்.

மூக்கு அரைகுறையாகத் திரும்பியது, கோணல்மாணலாக. காபி நனைந்த அட்டைப்பெட்டிபோல மணத்தது. சோப்பு வெள்ளரிக்காய்போல. ரோஜா ஒன்றுமே இல்லை. அவளும் காத்திருப்பதை எந்த நாளில் நிறுத்தினாள் என்று தெரியவில்லை.

பிறகு வந்தது அந்தக் கோடை. பகலெல்லாம் வானம் வெள்ளையாகக் காய்ந்தது. கீழ் வரிசைகளில் இலைகள் ஓரம் சுருண்டு, பழங்களில் சர்க்கரை தினம் ஒரு பாய்ச்சல் பாய்ந்தது. மேட்டில் சாய்ந்த புல் மூடாக்காகக் கிடந்ததால் வேர் குளிர்ந்தே இருந்தது. பழம் அவசரப்படவில்லை. எல்லாம் சுகமாக நடந்தது என்றும் இல்லை. பூச்சிகளைத் தின்ன வந்த பறவைகள் பழத்தையும் ஒரு கை பார்த்தன. வரிசையின் ஓரக் கொடிகளில் காம்புதான் மிச்சம். மூக்கக்கா காலையில் ஒரு பழம், மாலையில் ஒரு பழம் என்று மென்றுகொண்டே நடந்தாள். ஒரு காலையில் விதை மொறுமொறுவென்று உடைந்தது, இனிப்பும் புளிப்பும் ஒன்றையொன்று விட்டுக்கொடுக்கவில்லை.

"இன்னைக்கே பறிக்கணும்," என்றாள்.

"இன்னும் கொஞ்சம் இனிப்பு ஏறட்டுமே," என்றார் அண்ணன்.

"ஏறினா இறங்காது அண்ணா."

பறித்தார்கள். அண்ணியும் தொப்பி போட்டுக்கொண்டு இறங்கி, கொத்துக்கு ஒரு கேலியாக அறுத்துக் கூடையில் போட்டாள்.

மேட்டுப் பழம் தனித் தொட்டியில் நொதித்தது. அதில் புளிப்புத் தூளும் போடவில்லை, வேறெதுவும் சேர்க்கவில்லை. ஆனால் பீப்பாய்க்கு மாறியபின் ஒரு சிக்கல் இருந்தது. யார் முகர்ந்து பார்ப்பது? அவள் விட்டபின் கிடங்கையும் தலையில் போட்டுக்கொண்ட அண்ணனுக்குத் தன் தொட்டிகளைப் பார்க்கவே நேரம் போதவில்லை. மிச்சம் இருந்தது பேருந்து ஓட்டுநர்தான்.

வேலை முடிந்து வந்த மனிதரைச் சீருடையோடு கல்படியில் இறக்கினாள். அவர் பீப்பாயின் மேல் பயபக்தியோடு குனிந்தார்.

"என்ன தெரியுது?"

"ஒயின் வாசனை."

"அது எனக்கே தெரியும். வேற?"

அவர் மறுபடி குனிந்தார். நெற்றி சுருங்கியது. "மழையில ஜன்னல் மூடாம விட்ட பஸ் சீட்டு. இல்ல, இரு. ஸ்கூல் விட்டதும் பிள்ளைங்க ஏறுவாங்கல்ல, கையில பழத்தைக் கசக்கிக்கிட்டு. அந்த நேரம்."

மூக்கக்கா சிரித்துச் சிரித்துப் படியில் உட்கார்ந்துவிட்டாள். பிறகு கண்ணை மூடி, அந்தப் பேருந்தைக் கற்பனை செய்தாள். ஈரம், பழம், குழந்தைகளின் சூடு. நன்றாக இருக்கிறது என்று தோன்றியது. அதன்பின் அதுவே வழக்கமானது. அவர் முகர்ந்து சொல்வார், அவள் ஒரு மடக்கு வாயில் வைத்துச் சொல்வாள். ஒரு நாள் அவர் ஒரு பீப்பாயிலிருந்து துள்ளி விலகினார்.

"யாரோ முட்டையை உள்ள மறந்துட்டாங்க!"

அவளுக்குப் புரிந்துவிட்டது. "மூச்சு முட்டுது அதுக்கு. காத்து படணும்." இருவரும் சேர்ந்து அந்த ஒயினைக் காற்றுப்பட வேறொரு பீப்பாய்க்கு மாற்றினார்கள். நாலைந்து நாளில் முட்டை போய், பள்ளிக்கூடப் பேருந்து திரும்ப வந்துவிட்டது என்று அவர் அறிவித்தார்.

அந்த ஒயின் பக்குவப்பட்டு, அதைப் புட்டியில் அடைத்த பிறகு, ஒரு விடுமுறை மதியம், எல்லோரும் ஒரே மேஜையில் உட்கார்ந்தார்கள். மூக்கக்கா மேட்டு ஒயினை ஊற்றினாள். அண்ணன் பழக்கதோஷத்தில் நீளமாக முகர்ந்தார். "அவ்வளவா வாசனை இல்லையே," என்று முணுமுணுத்துவிட்டுக் குடித்தார்.

அவர் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே இன்னொரு மடக்கு குடித்தார். மூக்கக்காவும் குடித்தாள். புளிப்பு நாக்கின் ஓரத்தில் மெல்லிய கோடாக ஓடியது. பழம் அதன் மேல் நடந்தது. துவர்ப்பு இருந்தது, ஆனால் பட்டுத்துணியின் உள்பக்கம்போல. சூடு எங்கே என்று தேட வேண்டியிருந்தது. எல்லாம் ஒன்றாக வந்து, ஒன்றாகவே மெதுவாக விலகின. வாய் சுத்தமாக, அடுத்த கவளத்துக்குத் தயாராக இருந்தது.

"ஏங்க, பேசுங்களேன்," என்றாள் அண்ணி. "நல்லா இல்லன்னா சொல்லுங்க, இந்தப் புட்டியை நானே பார்த்துக்கறேன்."

அண்ணன் காலி கோப்பையைத் தங்கை பக்கம் நகர்த்தினார். "மூக்கு," என்றார், பல வருடங்களாகக் கூப்பிடாத பெயரை. "குடிச்ச மாதிரியே தெரியல. ஆனா இன்னும் குடிக்கணும்போல இருக்கு."

அவள் ஊற்றினாள். மேஜைத் துணியில் ஒரு துளி விழுந்தது. யாரும் அதைத் துடைக்கவில்லை.

அந்த வருட முதல் மழை மேகம் கூடியபோது, மூக்கக்கா கொட்டகைக்குப் போனாள். அண்ணன் ஏற்கெனவே அங்கே இருந்தார். விதை மூட்டையை அவிழ்த்து, பயறையும் புல் விதையையும் கையில் அள்ளி, விரலிடுக்கில் வடியவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"கீழ ஒரு வரிசை விட்டு ஒரு வரிசை போடலாம்னு பார்க்கறேன்," என்றார், அவள் முகத்தைப் பார்க்காமல். "எவ்வளவு அடர்த்தியா தூவணும்?"

"ரொம்ப வேண்டாம் அண்ணா. மூச்சு விட இடம் இருக்கணும்."

இருவரும் ஆளுக்கொரு கூடையை இடுப்பில் இடுக்கிக்கொண்டு கீழ் வரிசைகளுக்கு இறங்கினார்கள். அண்ணனுக்குத் தூவத் தெரியவில்லை, ஒரே இடத்தில் குவித்துக் கொட்டினார். அவள் பின்னாலேயே வந்து காலால் பரப்பிவிட்டாள். பாதி வரிசை தாண்டுவதற்குள் மழை பிடித்துக்கொண்டது. சத்தமில்லாத, சாம்பல் நிறத் தூறல். இருவரும் ஓடவில்லை. தலை நனைய நனையத் தூவிக்கொண்டே, மழைக்குள் மறைந்து கிடந்த வரிசையின் கோடியை நோக்கி நடந்துபோனார்கள்.